வீட்டு மருத்துவக் கருவி வணிகத்தில் சரக்கிருப்பைக் கையாளுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி வட்டாரத்தில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி), நோயாளிக் கட்டில், ஏர் பெட் (படுக்கைப் புண் வராமல் காக்கும் காற்று மெத்தை), சக்‌ஷன் மெஷின் (சளியை உறிஞ்சி எடுக்கும் கருவி), பைபாப் (மாஸ்க் வழியே காற்றழுத்தம் தந்து மூச்சுக்கு உதவும் கருவி), வீல்சேர் போன்றவற்றை விற்கவும் வாடகைக்கு விடவும் தொடங்குகிறவர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. பாளையங்கோட்டையில் கடை வைத்து, மேற்கே அம்பாசமுத்திரம், பாபநாசம் வரையிலும் தெற்கே வள்ளியூர், திசையன்விளை வரையிலும் கருவிகளை அனுப்பிவரும் அனுபவத்திலிருந்து இவற்றை எழுதியிருக்கிறோம்.

மற்றக் கடைகளின் சரக்குக் கணக்குக்கும் இந்தத் தொழிலின் சரக்குக் கணக்குக்கும் என்ன வேறுபாடு?

மளிகைக் கடையில் ஒரு பொருள் கல்லாவைத் தாண்டிவிட்டால் கணக்கிலிருந்தும் போய்விடுகிறது. எங்கள் தொழிலில் முதலீட்டின் பெரும்பகுதி எந்நாளும் கடைக்கு வெளியே, யாரோ ஒருவருடைய வீட்டுப் படுக்கையறையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அது நம்முடைய சரக்கு. ஆனால் அதன்மேல் நம் கண் இல்லை. இது முதல் வேறுபாடு.

இரண்டாவது வேறுபாடு இதைவிட முக்கியமானது. கடை தொடங்கிய முதல் ஆண்டில், சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள ஓர் ஊரிலிருந்து இரவு ஒன்பது மணிக்கு ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் கேட்டு ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஏட்டில் இரண்டு கருவிகள் இருப்பில் இருந்ததால் தயங்காமல் "இருக்கிறது" என்று சொல்லிவிட்டோம். குடோனில் எடுத்துப் பார்த்தபோது ஒன்றுக்கு ஈரப்பதப் புட்டி (ஆக்சிஜனை ஈரப்படுத்தும் நீர்ப் புட்டி) இல்லை. மற்றொன்றை ஓடவிட்டால் ஆக்சிஜன் தூய்மை 80 விழுக்காட்டைத் தாண்டவில்லை. வேறொரு கடைக்காரரிடம் இரவல் வாங்கி அனுப்புவதற்குள் நள்ளிரவாகிவிட்டது. அவ்வளவு நேரமும் மருத்துவமனை ஆம்புலன்ஸிலிருந்த சிலிண்டரை நம்பித்தான் அந்தப் பெரியவர் இருந்தார். அன்றிலிருந்து எங்கள் கடையில் "இருப்பு" என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான்: சுத்தம் செய்யப்பட்டு, சோதிக்கப்பட்டு, உடன் செல்ல வேண்டிய எல்லாப் பாகங்களோடும் இந்த நிமிடமே வண்டியில் ஏற்றத்தக்க நிலையில் இருக்கும் கருவி. மற்றவை எத்தனை இருந்தாலும் அவற்றை இருப்பு என்று எழுதுவதில்லை.

பதிவேட்டை எப்படி அமைக்க வேண்டும்?

கருவிகளுக்கும் நுகர்பொருள்களுக்கும் ஒரே ஏட்டைப் பயன்படுத்துவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. டயாபர், யூரின் பேக், கதீட்டர், மூக்குக் குழாய், மாஸ்க், குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் ஆகியவை எண்ணிக்கையால் கணக்கிடப்பட வேண்டியவை. அவற்றுக்குப் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் போதும். கான்சென்ட்ரேட்டரையோ பைபாப்பையோ எண்ணிக்கையால் கணக்கிடுவதில் பயனில்லை. ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பக்கம் வேண்டும். அந்தப் பக்கத்தில் உற்பத்தியாளரின் சீரியல் எண், நாம் ஒட்டிய எண், வாங்கிய நாள், விலை, வாரன்டி முடியும் நாள், ஓடிய மணி நேரம், எந்தெந்த வீட்டுக்கு எப்போது போய் எப்போது திரும்பியது, என்ன பாகம் மாற்றப்பட்டது என்ற வரலாறு முழுவதும் இருக்க வேண்டும்.

நாம் ஒட்டும் எண் தாளில் அச்சடித்ததாக இருந்தால், கிருமிநாசினி கொண்டு நாலு முறை துடைத்ததும் எழுத்து அழிந்துவிடும். உலோகத் தகட்டில் பொறித்து ஒட்டுவது நல்லது.

ஒவ்வொரு கருவியும் ஐந்து நிலைகளில் ஏதேனும் ஒன்றில்தான் இருக்க முடியும்: தயார் இருப்பு, வாடகையில், திரும்பி வந்து சுத்தத்துக்குக் காத்திருப்பது, பழுதில், கழிக்கப்பட்டது. குடோனிலும் இந்த நிலைகளுக்குத் தனித்தனி இடம் இருக்க வேண்டும். திரும்பி வந்த கருவியும் தயார் கருவியும் ஒரே அலமாரியில் நின்றால், அவசரத்தில் ஓட்டுநர் எதைத் தூக்கிக்கொண்டு போவார் என்று சொல்ல முடியாது. தரையில் மஞ்சள் வண்ணத்தில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்த கருவி கையொப்பமிட்ட சோதனைச் சீட்டு இல்லாமல் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று வைத்திருக்கிறோம்.

சீரியல் எண்ணை எழுதுவது அவ்வளவு அவசியமா?

ஆம். 2021 ஜூன் மாதத்தில் பிலிப்ஸ் நிறுவனம் தன் சிபாப் (பைபாப் போன்ற மூச்சுக் கருவி), பைபாப் கருவிகள் பலவற்றைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஒலியைக் குறைப்பதற்காக உள்ளே வைத்திருந்த நுரைப் பஞ்சு சிதைந்து, அதன் துகள்களும் வாயுக்களும் நோயாளியின் மூச்சுக்குள் போகக்கூடும் என்பது காரணம். இப்படி ஓர் அறிவிப்பு வரும் நாளில், நாம் விற்ற அல்லது வாடகைக்கு விட்ட கருவிகளில் அந்த வகையைச் சேர்ந்தவை எவை, அவை இப்போது எந்தெந்த வீட்டில் இருக்கின்றன என்பதை அரை மணி நேரத்தில் சொல்ல முடிய வேண்டும். பில் புத்தகத்தில் "பைபாப் ஒன்று" என்று மட்டும் எழுதியிருந்தால் அது இயலாது.

என்னென்ன உரிமங்கள் வேண்டும்? அவற்றுக்கும் சரக்குக் கணக்குக்கும் தொடர்பு உண்டா?

2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவிகள் அனைத்தும் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிட்டன. 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகளில் 2022 செப்டம்பரில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, கருவிகளை விற்பவர் எம்.டி.-42 என்ற படிவத்தில் பதிவுச் சான்றிதழ் பெற வேண்டும். இதற்கு மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஏற்கெனவே மருந்து விற்பனை உரிமம் உள்ளவர்களுக்கு இது தனியாகத் தேவையில்லை. மருத்துவ ஆக்சிஜன் சட்டப்படி மருந்தாகவே கருதப்படுவதால், சிலிண்டர் விற்க நினைப்பவர்கள் மருந்து விற்பனை உரிமத்தைப் பற்றி முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். பொருள்களைப் பழுதின்றி வைக்கப் போதிய இடமும், எங்கிருந்து வாங்கி யாருக்குக் கொடுத்தோம் என்ற பதிவும் இந்தப் பதிவுச் சான்றிதழின் நிபந்தனைகளில் அடங்கும். ஆகவே சரக்கேடு என்பது நம் வசதிக்காக மட்டும் எழுதப்படுவதன்று.

வாடகைக்குப் போன கருவி திரும்பியதும் என்ன செய்ய வேண்டும்?

வண்டியிலிருந்து இறக்கும்போதே, போகும்போது எழுதிய சலானைக் கையில் வைத்துக்கொண்டு பாகங்களைச் சரிபார்க்க வேண்டும். மின்கம்பி, ஏர் பெட்டின் பம்ப், கட்டிலைச் சுழற்றும் கைப்பிடி, சக்‌ஷன் மெஷினின் ஜாடி, பைபாப்பின் அடாப்டர் ஆகியவைதான் வீட்டிலேயே தங்கிவிடும். கருவி வந்து பத்து நாள் கழித்துக் கேட்டால் வாடிக்கையாளருக்கும் நினைவிருக்காது, நமக்கும் சங்கடம்.

அடுத்தது சுத்தம். மூக்குக் குழாய், மாஸ்க், ஈரப்பதப் புட்டி, சக்‌ஷன் குழாய் ஆகியவை ஒரு நோயாளிக்கு மட்டுமே உரியவை. திரும்பி வந்தவற்றை எவ்வளவு புதிதாகத் தோன்றினாலும் அடுத்தவருக்குக் கொடுக்கவே கூடாது. கணக்கிலும் அவற்றை வாடகைப் பொருளாக எழுதாமல் விற்பனைப் பொருளாக எழுதினால் இந்த ஆசையே எழாது. கருவியின் வெளிப்புறத்தை முதலில் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து அழுக்கை எடுத்த பிறகுதான் கிருமிநாசினி வேலை செய்யும். கட்டிலின் இரும்பில் ஹைப்போகுளோரைட் கரைசலைப் பயன்படுத்தினால் சிறிது நேரத்தில் நல்ல நீரால் துடைத்துவிட வேண்டும். இல்லையேல் துரு ஏறும். திரை, பொத்தான் உள்ள கருவிகளுக்கு 70 விழுக்காடு ஆல்கஹால் பொருத்தமானது. ஏர் பெட்டைக் காற்றடைத்து ஓர் இரவு முழுவதும் வைத்துப் பார்த்தால்தான் ஊசி முனையளவு ஓட்டை தெரியும்; காலையில் தளர்ந்திருந்தால் அது பழுதுப் பகுதிக்குப் போக வேண்டும்.

கடைசியாகச் சோதனை. கான்சென்ட்ரேட்டரை அதன் முழு அளவில் கால் மணி நேரமாவது ஓடவிட்டு, ஆக்சிஜன் அனலைசரால் தூய்மையை அளக்க வேண்டும். நல்ல நிலையிலுள்ள கருவி 93 விழுக்காட்டை ஒட்டிக் காட்டும். கருவியின் சொந்த எச்சரிக்கை விளக்கு பெரும்பாலும் 82 முதல் 85 விழுக்காட்டுக்குக் கீழே போனால்தான் எரியும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. 90க்குக் கீழே வந்த கருவியை நாங்கள் வெளியே அனுப்புவதில்லை. அளந்த எண்ணை ஒவ்வொரு முறையும் கருவியின் பக்கத்தில் எழுதி வந்தால், 94, 93, 91 என்று அது இறங்கி வரும் போக்கே பழுது வருமுன் நமக்குச் சொல்லிவிடும்.

நோயாளி காலமாகிவிட்டால் கருவியை எப்போது திரும்பக் கேட்பது?

இந்தத் தொழிலில் மனத்துக்கு மிகவும் கடினமான பகுதி இதுவே. இதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. துக்க வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கருவியைக் கேட்பது முறையன்று. ஆனால் கேட்காமலே விட்டுவிட்டால் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறோம். இறந்தவர் படுத்திருந்த கட்டிலையும் அவர் மூச்சு வாங்கிய கருவியையும் கண்ணெதிரே வைத்திருக்க வீட்டாருக்கு மனம் வருவதில்லை. அன்றைக்கே அவற்றைத் தூக்கித் திண்ணையிலோ புறவாசலிலோ போட்டுவிடுகிறார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து நாம் போகும்போது, கருவி வெயிலிலும் சாரலிலும் கிடந்து கெட்டுப் போயிருக்கிறது.

ஆகவே முதல் நாளிலேயே, கருவியை வைத்துவிட்டு வரும்போதே, குடும்பத்தில் நெருங்கிய ஆனால் நோயாளியின் பக்கத்திலேயே இராத ஒருவருடைய எண்ணை வாங்கிக்கொள்கிறோம்: மருமகனாகவோ, சித்தப்பாவாகவோ, பக்கத்து வீட்டு அண்ணாச்சியாகவோ அவர் இருக்கலாம். செய்தி தெரிந்ததும் அவரிடம் மட்டும் பேசி, இறந்த நாளோடு வாடகை நின்றுவிட்டது என்பதை முதலில் சொல்கிறோம்; பிறகு, உங்களுக்கு வசதிப்படும் நாளில் வந்து எடுத்துக்கொள்கிறோம், அதுவரை மழை படாமல் ஒரு மூலையில் வைத்திருந்தால் போதும் என்கிறோம். இதனால் சில நாள் வாடகை நமக்குப் போகலாம். ஆனால் கருவி நல்ல நிலையில் திரும்பி வருகிறது. பெரும்பாலான வீடுகளில் மூன்றாம் நாளே, "எடுத்துக்கொண்டு போங்கள்" என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். முன்பணத்தை அன்றே கையில் கொடுத்துவிட வேண்டும். துக்க வீட்டாரைக் கடைக்கு நடக்கவைக்கக் கூடாது.

கருவி குடோனில் சும்மா இருந்தால் கெட்டுப் போகுமா?

கெட்டுப் போகும். கான்சென்ட்ரேட்டருக்குள் சியோலைட் என்ற கனிமத் துகள்கள் உள்ளன. அவை காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆக்சிஜனை வெளியே விடுகின்றன. அந்தத் துகள்கள் ஈரத்தையும் விரும்பி உறிஞ்சும். ஈரம் ஏறிய சியோலைட் நைட்ரஜனைப் பிடிக்கும் திறனை இழந்துவிடும். ஓடிக்கொண்டே இருக்கும் கருவியைவிட மாதக்கணக்கில் மூலையில் கிடக்கும் கருவி விரைவில் கெடுவதற்கு இதுவே காரணம். ஆகவே தயார் இருப்பில் உள்ள ஒவ்வொரு கான்சென்ட்ரேட்டரையும் மாதம் இருமுறை அரை மணி நேரம் ஓடவிடுகிறோம். வாடகைக்கு அனுப்பும்போதும் எப்போதும் ஒரே கருவி போய் வராதபடி, நெடுநாள் ஓய்விலிருந்ததை முதலில் அனுப்ப வேண்டும். பேட்டரி உள்ள கருவிகளுக்கும் இதே கவனம் தேவை. ஈய அமில பேட்டரியைச் சார்ஜ் இல்லாமல் வைத்தால் அது மறுபடி எழுவதில்லை.

ஆக்சிஜன் சிலிண்டரை எப்படிக் கணக்கில் வைப்பது?

நிரம்பியது, காலி, வாடகையில் உள்ளது, நிரப்பப் போனது என்று நான்கு பத்திகள் போதும். நான்கின் கூட்டுத்தொகை நம்மிடமுள்ள மொத்த சிலிண்டர்களின் எண்ணிக்கைக்கு எப்போதும் சமமாக இருக்க வேண்டும். நிரப்பும் இடத்தில் சிலிண்டர் மாறி வருவது வழக்கமாதலால், கழுத்தில் பொறித்த எண்ணையும், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய நீரழுத்தச் சோதனையின் தேதியையும் பார்த்தே வாங்க வேண்டும். பி வகைச் சிலிண்டரில் ஏறத்தாழ 1,500 லிட்டர் வாயு உள்ளது; நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். டி வகையில் ஏறத்தாழ 7,000 லிட்டர். கிராமப்புறத்துக்குக் கான்சென்ட்ரேட்டர் அனுப்பும்போது, மின்தடைக்காக ஒரு பி வகைச் சிலிண்டரையும் சேர்த்தே அனுப்ப வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

காலாவதியாகும் பொருள்களை எப்படிக் காப்பது?

முதலில் வந்ததை முதலில் விற்பது என்ற மளிகைக் கடை வழக்கம் இங்கே போதாது. பிந்தி வந்த பெட்டிக்கு முந்திய காலாவதித் தேதி இருப்பது அடிக்கடி நேர்கிறது. ஆகவே முதலில் காலாவதியாவதை முன்வரிசையில் வைக்க வேண்டும். தேதிக்கு ஆறு மாதம் இருக்கும்போதே விநியோகஸ்தரிடம் மாற்றித் தரக் கேட்க வேண்டும். ஒரு மாதம் இருக்கும்போது கேட்டால் யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் கல்நார்க் கூரை போட்ட குடோனின் உள்வெப்பம் தாங்க முடியாததாகிவிடும். குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்புகள் பொதுவாக 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லப்பட்டவை. ரப்பர் கதீட்டரும் கையுறையும் வெப்பத்தில் பிசுபிசுத்துப் போகும். இவற்றுக்கென்று கான்கிரீட் தளம் போட்ட, வெயில் நேராகப் படாத ஓர் அறை கட்டாயம் வேண்டும். கட்டிலும் வாக்கரும் எங்கே இருந்தாலும் பரவாயில்லை.

எப்போது, எவ்வளவு மறுகொள்முதல் செய்ய வேண்டும்?

ஒரு நாளைக்குச் சராசரியாக எவ்வளவு போகிறது, சொன்னால் எத்தனை நாளில் வருகிறது, பாதுகாப்புக்கு எத்தனை நாள் சரக்கு வேண்டும் என்ற மூன்றையும் வைத்துக் கணக்கிடலாம். பெரியவர் டயாபர் நாளுக்கு 6 பாக்கெட் போகிறது, சென்னையிலிருந்து வர 4 நாள், பாதுகாப்புக்கு 3 நாள் என்றால், இருப்பு 42 பாக்கெட்டாகக் குறைந்த அன்றே சொல்லிவிட வேண்டும். அளவு வாரியாகத் தனித்தனியே இதைச் செய்ய வேண்டும். பெரிய அளவு நூறு பாக்கெட் இருப்பது நடுத்தர அளவு கேட்டு வந்தவருக்கு உதவாது.

ஐப்பசி முதல் மார்கழி வரை அந்த மூன்று நாளைப் பத்து நாளாக்கிவிடுகிறோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டு, நெல்லைச் சந்திப்பு, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. தூத்துக்குடி மாவட்டத்துச் சாலைகளும் ரயில் பாதையும் அறுந்தன. அந்த நாள்களில் புதிய சரக்கு எதுவும் வரவில்லை, கையிலிருந்ததுதான் இருந்தது. புதிதாகக் குடோன் தேடுகிறவர்கள் அதன் வாடகையைக் கேட்பதற்கு முன் அந்த ஆண்டு அங்கே தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று அக்கம்பக்கத்தில் கேட்க வேண்டும். மின் கருவிகளைத் தரையில் வைக்காமல் இடுப்பளவு உயர அலமாரியில் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் மின்சாரத்தை நம்பி வாழும் நோயாளிகளின் முகவரிப் பட்டியலைத் தாளில் எழுதித் தனியே வைத்திருப்பதும் சரக்கு மேலாண்மையின் ஒரு பகுதிதான், ஏனெனில் மின்சாரம் நின்ற இரவில் எந்தச் சிலிண்டர் எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்பதை அந்தத் தாள்தான் சொல்லும்.

வாடகைக்கு எத்தனை கருவிகள் வாங்கிப் போடலாம்?

கேட்டவருக்கு இல்லை என்று சொன்ன ஒவ்வொரு முறையையும் ஓர் ஏட்டில் குறித்துவைத்து, அதைப் பார்த்து வாங்க வேண்டும். 2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா இரண்டாம் அலையின்போது, கிடைத்த விலைக்குக் கான்சென்ட்ரேட்டர்களை வாங்கிக் குவித்தவர்கள் பலர். அலை ஓய்ந்ததும் உதிரிபாகம் கிடைக்காத, சர்வீஸுக்கு ஆள் இல்லாத கருவிகள் அவர்களிடம் தேங்கிவிட்டன. எடுத்துக்காட்டாக, 45,000 ரூபாய்க்கு வாங்கிய கருவி மாதம் 5,000 ரூபாய் வாடகைக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆண்டில் ஒன்பது மாதம் வெளியே இருந்தால்தான் போட்ட முதல் திரும்பும். நான்கு மாதம்தான் போகிறது என்றால் இரண்டு ஆண்டுக்கு மேலாகும், அதற்குள் வாரன்டியும் முடிந்துவிடக்கூடும். இருப்பவற்றில் நான்கில் மூன்று பங்கு தொடர்ந்து வெளியே இருக்கும் நிலை வந்த பிறகே அடுத்ததை வாங்கலாம். எல்லாம் வெளியே போய்விடும்படியும் விடக் கூடாது. வாடகையிலுள்ள ஒன்று பழுதானால் மாற்றி வைக்க ஒரு கருவி எப்போதும் கடையில் நிற்க வேண்டும்.

கட்டில் வாங்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கல்லிடைக்குறிச்சி போன்ற ஊர்களின் பழைய வீடுகளில் நிலைவாசல் குறுகலாக இருக்கும். பிரித்து மாட்ட முடியாத கட்டில் உள்ளே போகாமல் திரும்பி வரும்.

மென்பொருள் தேவையா?

ஐம்பது கருவி வரை ஒழுங்காக எழுதப்படும் ஏடும் ஓர் எக்ஸெல் தாளும் போதும். டாலி போன்ற கணக்கு மென்பொருள்கள் பணக் கணக்குக்கும் நுகர்பொருள் கணக்குக்கும் நன்றாக உதவும். ஆனால் வாடகையில் போய் வரும் ஒவ்வொரு கருவியின் வரலாற்றுக்கும் தனி ஏற்பாடு வேண்டியிருக்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்?

நுகர்பொருள்களை வாரம் ஓர் அலமாரியாக எண்ணினால், கடையை மூடாமலே இரண்டு மாதத்தில் எல்லாம் ஒரு சுற்று வந்துவிடும். வாடகையிலுள்ள கருவிகளை மாதந்தோறும் எண்ண வேண்டும். வாடகை வாங்கப் போகிறவரே கருவியின் எண்ணையும் ஓடிய மணி நேரத்தையும் பார்த்து எழுதி வரலாம், அப்படியே வடிகட்டியிலுள்ள தூசியையும் தட்டிவிட்டு வரலாம். தயார் இருப்பை மட்டும் நாள்தோறும், கடையைப் பூட்டுமுன் பார்க்கிறோம். கான்சென்ட்ரேட்டர் இரண்டு, சக்‌ஷன் மெஷின் ஒன்று, ஏர் பெட் இரண்டு, நிரம்பிய சிலிண்டர் நான்கு: இவை பாகங்களோடு வாசலுக்கு அருகில் நிற்கின்றனவா என்று பார்த்து, ஓட்டுநரும் கடைப் பொறுப்பாளரும் சேர்ந்து கையெழுத்திட்ட பிறகே கதவு பூட்டப்படுகிறது.